ரீகால் கடிதம் இன்றைய உரிமையாளரின் கைக்கு வர வேண்டும்: போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தில் வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அலுவலகத்துக்கும்,

வணக்கம்.

2021 செப்டம்பரில் மாருதி சுசுகி நிறுவனம் 1,81,754 பெட்ரோல் கார்களை ரீகால் செய்தது, அதாவது கோளாறு இருக்கலாம் என்று சரிசெய்வதற்காகத் திரும்ப அழைத்தது. சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 என்று எல்லாம் நம் தெருக்களில் தினமும் பார்க்கிற வண்டிகள். 2018 மே மாதத்திலிருந்து 2020 அக்டோபர் வரை தயாரானவை. மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்ற மின் பாகத்தைச் சோதித்து, கோளாறு இருந்தால் காசு வாங்காமல் மாற்றித் தருவோம் என்றார்கள். அதுவரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்ட வேண்டாம், மின் பாகங்கள் மீது நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். பாகம் மாற்றும் வேலை நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கும் என்பது அறிவிப்பு. அந்த வாரம் முடியும்போதுதான், நவம்பர் 6-ஆம் தேதி இரவு பிடித்த மழையில் சென்னையின் பாதித் தெருக்கள் மூழ்கின.

தண்ணீரில் ஓட்டாதே என்ற அந்த எச்சரிக்கை யாருக்குப் போய்ச் சேர்ந்தது? ஷோரூமில் புதிதாக வாங்கி, அதே போன் நம்பரோடு அதே வீட்டில் இருந்தவருக்குச் சேர்ந்திருக்கும். எர்டிகாவை இரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்றுவிட்டவருக்கும் சேர்ந்திருக்கும், ஆனால் அவரிடம் வண்டி இல்லை. அவரிடமிருந்து வாங்கி, வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ முழங்கால் அளவுத் தண்ணீரில் ஓட்டிக்கொண்டு போனவருக்கு? அவர் பெயர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்தான் சேசிஸ் நம்பர். எந்த சேசிஸ் நம்பரில் கோளாறு என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அந்த சேசிஸ் நம்பர் இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியும். இந்த இரண்டு தகவலையும் ஒன்றாகச் சேர்த்து, வண்டியை இப்போது ஓட்டுகிறவரின் கையில் கொடுக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012 ஜூலை முதல் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் தானே வகுத்த விருப்ப விதிமுறைதான் பல காலம் நடைமுறையில் இருந்தது. நிறுவனம் மனது வைத்தால் ரீகால், இல்லாவிட்டால் இல்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தீர்கள். ஒரு வகை வண்டியில் இருக்கும் கோளாறு ஓட்டுநருக்கோ, உள்ளே இருப்பவருக்கோ, சாலையில் போகும் மற்றவருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு செய்யக்கூடும் என்றால் ரீகால் செய்யும்படி அரசே உத்தரவிடலாம். நிறுவனம் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அதே தரத்திலோ மேலான தரத்திலோ வேறு வண்டி தர வேண்டும், அல்லது பழுதைச் சரிசெய்து தர வேண்டும். நிறுவனமே கோளாறைக் கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவித்து ரீகாலைத் தொடங்கியாக வேண்டும். அப்படி முன்வந்தால் அபராதம் இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் வந்தன. கட்டாய ரீகாலுக்கு 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்று வைத்தீர்கள். இதெல்லாம் நல்ல காரியம். மனதார நன்றி சொல்கிறேன்.

ஆனால் அந்த உரிமை உரியவரிடம் போய்ச் சேரும் வழியை யாரும் சரியாகப் போடவில்லை.

ரீகாலில் வரும் கோளாறுகளின் தன்மையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிரேக் தேய்ந்தால் சத்தம் வரும். ரேடியேட்டர் ஒழுகினால் தரையில் தெரியும். ஓட்டுகிறவனுக்கு வண்டியே சொல்லிவிடும். ஏர்பேக்குக்குள் இருக்கிற கோளாறை வண்டி சொல்லாது. விளக்கு எரியாது, சத்தம் கேட்காது, மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. ரீகால் அறிவிப்பு ஒன்றுதான் அதற்கு அறிகுறி. அது வராவிட்டால், விபத்து நடக்கும் நொடி வரைக்கும் வண்டி நன்றாக இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

டகாட்டா ஏர்பேக் விவகாரத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இதைப் படிக்கும் மற்ற கார் உரிமையாளர்களுக்காகச் சொல்கிறேன். ஏர்பேக்கை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டர் ஒரு சின்ன உலோகக் குப்பி. ஜப்பானைச் சேர்ந்த டகாட்டா நிறுவனம் அதற்குள் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெயிலும் ஈரப்பதமும் வருடக்கணக்கில் மாறி மாறித் தாக்க, அந்த வேதிப்பொருள் தன் தன்மையை இழக்கிறது. அதன் பிறகு மோதலில் ஏர்பேக் விரியும்போது எரிய வேண்டிய வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக எரிந்து குப்பியையே வெடிக்கச் செய்கிறது. உலோகத் துண்டுகள் ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்கின்றன. சின்ன மோதலாக இருந்தாலும் இப்படி நடக்கிறது. உயிரைக் காப்பாற்ற வைத்த பொருளே உயிரை எடுத்தது. அமெரிக்காவில் மட்டும் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்களை அங்கே திரும்பப் பெற வேண்டியிருந்தது. 2017-இல் டகாட்டா திவாலானது.

அமெரிக்காவுக்கு வெளியே தெரியவந்த முதல் மரணம் நமக்கு அதிக தூரத்தில் நடக்கவில்லை. 2014 ஜூலையில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், கர்ப்பிணிப் பெண் ஒருவர். ஓட்டியது 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி. குழந்தையும் பிழைக்கவில்லை.

அந்தக் கார் தயாராகி 11 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதைக் கவனியுங்கள். உங்கள் விதிகளின்படி கட்டாய ரீகால் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். காலம் போகப் போகப் பெருகும் ஆபத்துக்கு, ஆபத்து முற்றும் நேரம் பார்த்துப் பாதுகாப்பை விலக்கிக்கொள்கிறது இந்த வரம்பு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு டகாட்டா வண்டிகளில் எதை முதலில் சரிசெய்வது என்று வரிசை போட்டபோது, ஃப்ளோரிடா, ஹவாய் போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில் ஓடிய பழைய வண்டிகளை முன்னால் வைத்தது. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் திருவொற்றியூரிலிருந்து தூத்துக்குடி வரை நம் கடற்கரை முழுவதும் முதல் வரிசையில் வரும். ஹோண்டா 2017 ஜனவரியில் இந்தியாவில் 41,580 கார்களை இதே ஏர்பேக்குக்காகத் திரும்ப அழைத்தது. அவை 2012-இல் தயாரான வண்டிகள். அவற்றில் சரிசெய்யாமல் விட்டது எது இருந்தாலும், இன்றைக்கு அது இரண்டாவது கையிலோ மூன்றாவது கையிலோ, ஏழு ஆண்டு வரம்பையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும் என்பது உங்கள் சட்டம்தான். வாழ்நாள் வரியை முன்கூட்டியே கட்டித்தான் வண்டியைத் தெருவில் இறக்குகிறோம். அமெரிக்காவில் இலவச ரீகால் பழுதுநீக்கத்துக்கான காலம் முன்பு 10 ஆண்டுகளாக இருந்தது. 2015-இல் அதை 15 ஆண்டுகளாக்கினார்கள். பதிவுக்கு 15 ஆண்டு, பாதுகாப்புக்கு 7 ஆண்டு என்ற கணக்கு எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை. பழைய காரை வாங்குகிறவர் யார் என்பதையும் பாருங்கள். முதல்முறையாகக் குடும்பத்தோடு பைக்கிலிருந்து காருக்கு மாறுகிறவர், கடன் வாங்கி மஞ்சள் போர்டு வண்டி எடுத்து ஓட்டுகிறவர். புது வண்டியின் விலையைக் கொடுக்க முடியாதவர்களுக்குத்தான் இந்த வரம்பு போய் இடிக்கிறது.

சரி, கடிதம் ஏன் வருவதில்லை என்ற விஷயத்துக்கு வருகிறேன். கார் கைமாறும்போது படிவம் 29, 30 எழுதி ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றுகிறோம். புதிய உரிமையாளரின் பெயர், முகவரி, செல்போன் எண் எல்லாம் அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் ஏறிவிடுகின்றன. ஸ்பீடு கேமராவில் சிக்கினால் சில நாளிலேயே அபராதச் செய்தி அந்த எண்ணுக்கு வந்துவிடுகிறது. அபராதம் போடும்போது சரியான ஆளைக் கண்டுபிடிக்க முடிகிற அரசாங்கத்துக்கு, அதே ஆளின் காரில் ஃபியூவல் பம்ப் கோளாறு என்று சொல்லவும் முடியும். அதே தளம், அதே எண், அதே எஸ்.எம்.எஸ். புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

ஃபியூவல் பம்ப் என்று சும்மா சொல்லவில்லை. 2024 அக்டோபரில் ஹோண்டா 92,672 வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் கோளாறு, நாளடைவில் இன்ஜின் நின்றுபோகலாம் அல்லது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்று காரணம் சொன்னார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டி நாற்கரச் சாலையில் பின்னால் லாரி வரும்போது இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த எண்ணிக்கையில் 2,204 வண்டிகள், பழுதுபார்க்கும்போது இதே பம்பை உதிரிபாகமாக மாற்றிக்கொண்ட பழைய மாடல்கள். அப்படியென்றால், வண்டி தயாரான ஆண்டை மட்டும் பார்த்து "நம் வண்டி இதில் வராது" என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த கால் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் மூன்றாவது கையாக ஒரு செடான் வாங்கினார். வண்டி நிறுவனத்தின் தளத்தில் அவருடைய சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தபோது ரீகால் நிலுவையில் இருப்பது தெரிந்தது. சர்வீஸ் சென்டருக்குப் போனார். முதல் உரிமையாளரின் பில் இருக்கிறதா என்றார்கள். பிறகு, வழக்கமான சர்வீஸையும் சேர்த்துச் செய்தால் இதை இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். அப்புறம், பாகம் இலவசம், லேபர் சார்ஜ் மட்டும் கட்டுங்கள் என்றார்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று அவர் கேட்ட பிறகுதான் மேலாளர் வந்தார், வண்டி உள்ளே போனது. எழுதிக் கேட்கத் தெரியாதவர் பணத்தைக் கட்டியிருப்பார், அல்லது திரும்பி வந்திருப்பார். ரீகால் வேலை என்றால் பாகமும் கூலியும் நிறுவனத்தின் செலவு, வண்டி எத்தனையாவது கையில் இருந்தாலும் அதே, வேறு எந்த வேலையையும் அதோடு சேர்த்துத் திணிக்கக் கூடாது என்று விதியிலேயே தெளிவாக எழுதுங்கள். ஒவ்வொரு சர்வீஸ் சென்டரிலும் அதைத் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சரிசெய்த வேலை ஜாப் கார்டில் ரீகால் என்ற பெயரிலேயே பதிவாக வேண்டும். வண்டியை விற்கும்போது அடுத்தவருக்குக் காட்ட அந்தக் காகிதம் வேண்டும்.

ரீகால் அறிவிக்கும் முன்பே அதே கோளாறைக் கைக்காசு போட்டுச் சரிசெய்தவர்களும் இருக்கிறார்கள். பில்லைக் காட்டினால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு அமெரிக்காவில் இருக்கிறது. இங்கேயும் வேண்டும்.

அரசே முன்னின்று ரீகாலை முடிக்க வைக்க வேண்டும் என்று நான் கற்பனையில் கேட்கவில்லை. ஜப்பானில் டகாட்டா ஏர்பேக்கில் அபாயம் அதிகமுள்ள வண்டிகளைச் சரிசெய்யாமல் கொண்டுவந்தால், 2018 மே மாதத்திலிருந்து அரசின் வாகனச் சோதனையில் தேர்ச்சி கொடுப்பதில்லை. சோதனையில் தேறாத வண்டி அங்கே சாலைக்கு வர முடியாது. ஆஸ்திரேலியாவில் 2018 பிப்ரவரியில் கட்டாய ரீகால் உத்தரவிட்டு, 2020 கடைசிக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். சரிசெய்யாத வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க மறுக்கும் அளவுக்கு மாநிலங்கள் இறங்கின. ஏறத்தாழ 30 லட்சம் வண்டிகள், கிட்டத்தட்ட அத்தனையும் கணக்கில் வந்தன. ஜெர்மனியில் ரீகால் கடிதம் அனுப்ப, மத்திய வாகனப் பதிவேட்டிலிருந்து இன்றைய உரிமையாளரின் முகவரி எடுக்கப்படுகிறது. அபாயமான ரீகாலை அலட்சியம் செய்தால் வண்டியை ஓட்டவே தடை வரும். மூன்று நாடுகளிலும் அரசு தன் கையில் இருந்த பதிவேட்டைத்தான் பயன்படுத்தியது.

நம் கையிலும் அதே கருவிகள் இருக்கின்றன. மஞ்சள் போர்டு வண்டி எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ் சோதனைக்கு வருகிறது. சொந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. புகைச் சான்றிதழ் வாங்க வண்டி வந்து நிற்கிறது. ஒவ்வொரு இடத்திலும் வண்டி எண்ணைக் கணினியில் தட்டுகிறார்கள். அந்தத் திரையில் "இந்த வண்டிக்கு ரீகால் நிலுவையில் உள்ளது, இலவசம், உடனே சர்வீஸ் சென்டருக்குச் செல்லவும்" என்று ஒரு வரி வந்தால் போதும். பெயர் மாற்றத்தின்போது வாங்குகிறவர் அந்த வரியைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். பழைய கார் விற்கும் டீலர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தீர்கள். தன் கையில் இருக்கும் வண்டியின் ரீகாலை முடிக்காமல் விற்கக் கூடாது என்று அந்த அங்கீகாரத்திலேயே ஒரு நிபந்தனை சேர்க்கலாம். கடையில் சும்மா நிற்கும் நாட்களில் அந்த வேலையை முடிப்பது டீலருக்குச் சுலபம். மாதத் தவணைக்காகத் தினமும் ஓட்ட வேண்டிய டாக்ஸிக்காரருக்கு அது ஒரு நாள் வருமானம்.

எல்லா ரீகாலுக்கும் வண்டியை மடக்கி நிறுத்தச் சொல்லவில்லை. பாகம் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் உரிமையாளரைத் தண்டிப்பது அநியாயம். 2023 ஜனவரியில் மாருதி 17,362 கார்களை ஏர்பேக் கன்ட்ரோலருக்காகத் திரும்ப அழைத்தபோது, மாற்றும் வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஓட்டவே கூடாது என்று நிறுவனமே சொல்லும் அளவுக்கு வரும்போது, வண்டியை எடுத்துப்போகும் செலவும் மாற்று வண்டிச் செலவும் யார் தலையில் என்பது விதியில் இருக்க வேண்டும். பாகம் கையிருப்பில் இருந்தும், பலமுறை சொல்லியும், கவனிக்காமல் விட்டவருக்கு மட்டும் எஃப்.சி.யை நிறுத்தி வைக்கலாம்.

இன்னொன்று. ஒவ்வொரு ரீகாலிலும் அறிவித்த எண்ணிக்கை எவ்வளவு, சரிசெய்து முடித்தது எவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநிலவாரியாகப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வையுங்கள். அறிவிப்பு செய்தித்தாளில் வருகிறது, எல்லோரும் அதைப் படிக்கிறோம். அதன் பிறகு என்ன ஆனது என்பதுதான் முக்கியம். 2017 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே விற்பனையை நிறுத்தியது. 2021-இல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, மறைமலைநகர் ஆலை ஓய்ந்தது. அந்த நிறுவனங்களின் கார்கள் இன்னும் நம் சாலையில் ஓடுகின்றன. ஒரு நிறுவனம் நாட்டை விட்டுப் போகும்போது, ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் ரீகால் பொறுப்புக்கு என்ன உத்தரவாதம் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதையும் விதி சொல்ல வேண்டும்.

இந்த மடலைப் படிக்கும் கார் உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் நம்பரை எடுத்து உங்கள் கார் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். நிலுவை இருந்தால் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பணம் கேட்டால் அதற்கான காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

அமைச்சகத்துக்கு: ஏழு ஆண்டு வரம்பைப் பதினைந்தாக்கவும், வாகன் தளத்தோடு ரீகால் பட்டியலை இணைக்கவும் வரைவு விதிகளை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேளுங்கள். தமிழிலும் வெளியிடுங்கள்.

தமிழ்நாடு போக்குவரத்து ஆணையருக்கு: டெல்லி விதியைத் திருத்தும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் பெயர் மாற்றக் கவுன்டருக்குப் பக்கத்தில், சேசிஸ் நம்பரை வைத்து ரீகால் பார்ப்பது எப்படி, பாகமும் கூலியும் இலவசம் என்று தமிழில் ஒரு பலகை வைக்க ஒரு சுற்றறிக்கை போதும். எஃப்.சி.க்கு வரும் டாக்ஸிகளின் சேசிஸ் நம்பரை மோட்டார் வாகன ஆய்வாளர் அங்கேயே நிறுவனத் தளத்தில் போட்டுப் பார்த்து ஓட்டுநரிடம் சொல்லவும் அதே சுற்றறிக்கையில் ஒரு பத்தி சேர்க்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாவது கையில் வாங்கிய கார் ஓட்டும் சென்னைவாசி ஒருவர்